மாலதிக்கு, கிளட்ச் மாற்றுவதற்கு முன்

மடிப்பாக்கம், சென்னை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் அம்மாவுக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன். கட்டோடு படுத்திருந்தவளுக்கு உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ஒர்க்‌ஷாப் கிளாஸ் முடிஞ்சு கிரீஸ் கையோட வந்து தோசை கேட்டாளே, அந்த மாலதியா?" என்றாள். அவளேதான் என்றேன். இப்போது கண் தேவலை. நாலு வேளை சொட்டு மருந்து, ஒரு மாதம் குனியக்கூடாது. வாசல் கோலம் நந்தினி பொறுப்பு.

நீ பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் வாங்கியிருக்கிறாய் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அதே 1.8 டர்போ, சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன். என் வீட்டு வாசலில் நிற்பதும் அதுதானே. இத்தனை வருஷம் கழித்து நாம் இருவரும் ஒரே இன்ஜினைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ரீமேப் போட்டதிலும் தப்பில்லை. கிளட்ச்சில் மட்டும் அவசரப்படாதே. கடைக்காரர் சொன்ன அந்த ஆறு துண்டு செராமிக் பிளேட்டுக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன்.

நாலாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தால் முள் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்கிறாய். அது ஸ்லிப்தான், கிளட்ச் பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது. முதல் இரண்டு கியரில் தெரியாமல் நாலிலும் ஐந்திலும் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன கியரில் டர்போ முழு அழுத்தம் கட்டுவதற்குள் ஆர்பிஎம் ஓடிவிடும். பெரிய கியரில் இன்ஜின் மெதுவாக ஏறுவதால், முழு டார்க்கும், அதாவது இன்ஜினின் முறுக்கு விசையும், கிளட்ச் மேல் நின்று நிதானமாக விழுகிறது. கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது, டார்க் மட்டும்தான் தெரியும். கம்பெனி கொடுத்தது 210 நியூட்டன் மீட்டர். ரீமேப்புக்குப் பிறகு என் வண்டி, டார்க் அளக்கும் டைனோ மேடையில் 290 காட்டியது. உன்னுடையதும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். இருந்தாலும் டைனோ தாளைக் கையில் வாங்கிக்கொள், ஊகத்தை வைத்துக் கிளட்ச் வாங்காதே.

நாம் மூன்றாம் வருஷத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் நினைவிருக்கிறதா? உராய்வுக் கெழு, அமுக்கும் விசை, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. நாலையும் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் டார்க். 228 மில்லிமீட்டர் பிளேட்டில் சராசரி ஆரம் சுமார் 96. பிளேட் முகத்தில் ஒட்டிய சாதாரண ஆர்கானிக் ஃபேசிங்குக்கு உராய்வு 0.3 என்று வை. முகங்கள் இரண்டு. 290 நியூட்டன் மீட்டரை வழுக்காமல் பிடிக்க 5,000 நியூட்டனுக்குக் கொஞ்சம் மேலே அமுக்க வேண்டும், அதாவது கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட் 500 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். சூட்டுக்கும் தேய்மானத்துக்கும் கால் பங்கு கூடுதலாக வைத்தால் 640 கிலோ. நம் ஊர் வெயிலில் அந்தக் கால் பங்கைக் குறைக்கவே கூடாது.

இந்தக் கணக்கில் பரப்பளவு எங்கேயும் வரவில்லை, பார். பெரிய பரப்பு இருந்தால் இறுக்கமாகப் பிடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பரப்பு தீர்மானிப்பது தேய்மானத்தையும் சூடு பரவுவதையும்தான். அதனால்தான் நாலு துண்டு, ஆறு துண்டு ஒட்டிய செராமிக் பிளேட்டால் அவ்வளவு டார்க்கைத் தாங்க முடிகிறது. அதன் உராய்வுக் கெழு அதிகம், சூட்டுக்கும் அஞ்சாது. ஆனால் மெல்லப் பிடிப்பது அதன் சுபாவத்தில் கிடையாது. விட்டால் விட்டது, பிடித்தால் பிடித்தது.

இதை நான் என் காலால் கற்றேன், மாலதி. ரீமேப் போட்ட கையோடு, ரேஸுக்குப் போடுவது என்று ஒரு கடையில் சொன்ன பிளேட்டை வாங்கி மாட்டினேன். நாலு துண்டு, நடுவில் அதிர்வை விழுங்கும் டேம்பர் ஸ்பிரிங்கும் கிடையாது. கூடவே கனமான பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் பிடிக்கும் இன்ஜின் பக்கச் சக்கரத்துக்கு எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீல். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டினேன், அற்புதமாக இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை.

என் பாதை உனக்குத் தெரியும். மடிப்பாக்கத்திலிருந்து ரேடியல் ரோடு, பள்ளிக்கரணை தாண்டி துரைப்பாக்கம், அங்கிருந்து ஓஎம்ஆரில் சிறுசேரி. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து ஓஎம்ஆரில் நகர்வதும் நிற்பதும்தான். ஒரு சாயங்காலம் மழை. பள்ளிக்கரணையில் வண்டிகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. முன்னால் ஒரு ஸ்கூட்டர், பின் சீட்டில் ஸ்கூல் பையோடு ஒரு பையன், மழைக்கோட்டின் தொப்பி அவன் கண்ணை மறைத்திருக்கிறது. நாற்பது நிமிஷம் மிதித்து மிதித்து என் இடது தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. அரை அடி நகரலாம் என்று பெடலை விட்டேன். ஹாஃப் கிளட்ச் என்ற ஒன்றே அதில் இல்லாததால் வண்டி எகிறிக் குதித்தது. பிரேக் மிதித்து நிறுத்தியபோது அந்த நம்பர் பிளேட்டுக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்குமா? பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு வீடு வரும்வரை கை நிலைகொள்ளவில்லை. அன்று ராத்திரியே மெக்கானிக் பாய்க்குப் போன் செய்து, கியர்பாக்ஸை மறுபடி இறக்கச் சொன்னேன்.

இறக்கிய பிளேட்டை பாய் பழைய பேப்பர் மேல் வைத்தார். ஐந்து மாதம் ஓடிய பிளேட், துண்டுகள் புதிது போலவே இருந்தன. சேதம் எதிர்ப்பக்கத்தில். ஃப்ளைவீல் முகத்தில் பெருவிரல் அகலத்துக்கு நீலப் புள்ளிகள், ஓரத்தில் வைக்கோல் நிறம், நகத்தால் தடவினால் தட்டுப்படும் நுண்ணிய வெடிப்புகள். "பிளேட்டு தேயல, வீலைத் தின்னுருச்சு" என்றார். லேத்தில் கொடுத்துத் தேற்ற வழியில்லை, வீலும் போனது. நியூட்ரலில் நிற்கும்போது கேட்ட கடகட சத்தம் கியர்பாக்ஸ் பல்லுடையது என்றும் அப்போதுதான் விளக்கினார். டேம்பர் ஸ்பிரிங் இல்லாவிட்டால் இன்ஜினின் ஒவ்வொரு துடிப்பும் நேராக அங்கே போகிறது. 1980-களின் நடுவில் ஐரோப்பிய கார்களுக்கு இரட்டை ஃப்ளைவீல் வந்ததே இந்தத் துடிப்பை உள்ளே வைத்த வளைவு ஸ்பிரிங்குகளால் விழுங்கத்தான். நம் வண்டியில் கம்பெனி போட்டதும் அதுதான். விலை அதிகம், தேயவும் செய்யும். ஆனால் சும்மா வைத்ததில்லை.

இப்போது என் வண்டியில் இருப்பது முழு முக ஆர்கானிக் பிளேட், டேம்பர் ஸ்பிரிங்கோடு. பிரஷர் பிளேட் மட்டும் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் கனம். ஃப்ளைவீல் இரட்டையே, புதிது. பெடல் சற்று இறுக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். ரீமேப் செய்த பையனிடம் பேசி, 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க் ஒரேயடியாக ஏறாமல் சாய்வாக ஏறும்படி மாற்றிக்கொண்டேன். உச்ச சக்தி குறையவில்லை, கிளட்ச் மேல் விழும் அடி குறைந்தது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை, ஏனென்றால் இதற்குப் பெட்டியில் வரும் பாகம் எதுவும் விற்காது. நீ இதை முதலில் செய்து பார். பாதி ஸ்லிப் அதிலேயே நின்றாலும் ஆச்சரியமில்லை.

பிரஷர் பிளேட்டை ரொம்பக் கனமாக எடுக்காதே. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் ஷாஃப்டை முன்னுக்குத் தள்ளுகிறது. தாங்குவது பிறை வடிவத்தில் இருக்கும் மெல்லிய திரஸ்ட் பேரிங்தான். காலையில் ஆயில் ஏறாத நேரத்தில் கிளட்ச்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் அடி முழுக்க அதற்குத்தான். அது போனால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். கெவ்லார் பிளேட் பற்றியும் கேட்டிருக்கிறாய். மென்மையாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பழக நிறைய கிலோமீட்டர் கேட்கும், ஒரு முறை அதிகச் சூடு கண்டால் மினுமினுத்துப் பிடிப்பு போய்விடும். வால்பாறை நாற்பது கொண்டை ஊசியிலும் ஹாஃப் கிளட்ச்சில் ஏறுகிறவள் நீ. வேண்டாம்.

ஆனால் செட்டிப்பாளையம் டிராக்கில் மாதம் ஒரு நாள் ஓட்டுவேன் என்று எழுதியதை நான் மறக்கவில்லை. அதற்காக செராமிக் போடாதே, அந்த ஒரு நாளுக்காக மீதி நாள் அவினாசி ரோட்டில் உன் முழங்கால் கஷ்டப்பட வேண்டாம். பின்னாளில் பெரிய டர்போ போட்டு 400 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் வேறு பேச்சு. அப்போது இரட்டைத் தட்டுக் கிளட்ச் பார்க்கலாம். முகங்கள் நாலாகிவிடுவதால் பெடலைக் கனமாக்காமலே டார்க் தாங்கும். விலை மட்டும் மயக்கம் வரவழைக்கும்.

வாங்குவதற்கு முன், கியர்பாக்ஸ் இறங்கும் அன்று நீ அங்கேயே நில். கிராங்க் பின்சீலில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார். பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் எந்தக் கம்பெனி பிளேட்டும் வழுக்கும். சீலை மாற்றாமல் கிளட்ச் மாற்றுவது பண விரயம். பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடு, இன்னொரு முறை இறக்கும் கூலி அதன் விலையைவிட அதிகம். பாகங்களுக்கு ரொம்பத் தூரம் தேட வேண்டாம், லூக் கிளட்ச் நம் ஓசூரிலேயே தயாராகிறது. உன் டார்க்குக்கு ஏற்ற பிரஷர் பிளேட் எதுவென்று மட்டும் எண்ணோடு கேள். "ஸ்டேஜ் 2" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதே, அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று எழுதித் தரச் சொல்.

மாட்டிய பிறகு 800 கிலோமீட்டர் டவுனுக்குள்ளேயே ஓட்டு, நின்று நின்று. ஹைவேயில் ஓடினால் கிளட்ச் பழகாது, அங்கே அதற்கு வேலையே இல்லை. அதுவரை முழு மிதி கூடாது. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நந்தினிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, எல்எல்ஆர் வாங்கிவிட்டாள். போன ஞாயிறு கீழ்க்கட்டளை ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போய் இந்த வண்டியிலேயே பழக்கினேன். மூன்று முறை ஆஃப் செய்தாள். நாலாவது முறை பெடலைப் பாதி விட்டு, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குகிற அந்த இடத்தில் காலை நிறுத்தி, "அம்மா, இங்க பிடிக்குது" என்றாள். அந்த ஐந்து மாத பிளேட்டில் அவளுக்கு அந்த இடம் கிடைத்தே இருக்காது.

டைனோ எண், எத்தனையாவது கியரில் எந்த ஆர்பிஎம்மில் ஸ்லிப், பின்சீல் நிலை, மூன்றையும் எழுது. பழைய பிளேட்டைக் கடையில் விட்டுவிடாதே, பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா, பாயிடம் காட்டிப் படிக்கலாம். அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். கை கழுவிவிட்டு வந்தால் தோசை உண்டாம்.

அன்புடன்,
கல்பனா