வேதாகமப் பதிப்பாளர்களே, ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய தமிழ் வேதாகமப் பதிப்பாளர்களுக்கு வணக்கம்.

அண்மையில் வெளிவந்த ஆய்வுப் பதிப்பு ஒன்றில் வண்ண வரைபடங்கள் இருக்கின்றன, எடை அளவு அட்டவணை இருக்கிறது. யூதர்கள் தங்கள் வேதத்தை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லும் ஒரு பக்கம் மட்டும் இதிலும் இல்லை. எத்தனை பதிப்புக்குத்தான் காத்திருப்பது?

நம் பழைய ஏற்பாட்டுப் பொருளடக்கத்தில் 39 நூல்கள். அதே உள்ளடக்கம் யூதருக்கு 24. சாமுவேல், ராஜாக்கள், நாளாகமம் தலா ஒன்று. எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று. ஓசியா முதல் மல்கியா வரை பன்னிரண்டும் ஒரே நூல். மூன்று பிரிவுகள்: தோரா (மோசேயின் ஆகமங்கள்) 5, தீர்க்கதரிசிகள் 8, எழுத்துகள் (சங்கீதம் முதலிய மற்ற நூல்கள்) 11. தானியேல் இருப்பது எழுத்துகளில். இதை அச்சிட அரைப் பக்கம் போதும்.

இது இல்லாமல் வாசகர் படும் பாட்டுக்கு மத்தேயு 23:35 ஒன்றே சாட்சி. ஆபேல் முதல் பரகியாவின் குமாரன் சகரியா வரை சிந்தப்பட்ட இரத்தத்தைப் பற்றி இயேசு பேசுகிறார். சகரியா தீர்க்கதரிசியின் தகப்பன் பெயரும் அதுவே என்பதால் வாசகர் சகரியா புத்தகத்தைப் புரட்டுவார். அங்கே கொலையே இல்லை. ஆலயப் பிராகாரத்தில் கல்லெறிந்து கொல்லப்பட்டவர் யோய்தாவின் குமாரன் சகரியா, 2 நாளாகமம் 24:20-22. அவரும் கடைசியாகக் கொல்லப்பட்ட தீர்க்கதரிசி அல்லர். ஏறக்குறைய இரு நூற்றாண்டு கழித்து உரியா என்ற தீர்க்கதரிசியை யோயாக்கீம் ராஜா வெட்டிக் கொன்றான் (எரேமியா 26:23). பிறகு ஏன் 'சகரியா வரை'? நாளாகமத்தைக் கடைசியில் வைக்கும் வரிசையில் ஆபேல் முதல் நூலில் வருகிறார், சகரியா கடைசி நூலில். வேதத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை என்பதே கருத்து என்று அறிஞர் பலர் விளக்குகிறார்கள். மல்கியாவோடு முடியும் பொருளடக்கத்தை மட்டுமே பார்த்தவருக்கு இது எப்படிப் பிடிபடும்?

எல்லா எபிரேய வரிசையும் ஒன்றல்ல. அலெப்போ, லெனின்கிராட் என்ற பழைய எபிரேய வேதச் சுவடிகளில் நாளாகமம் எழுத்துகளின் தொடக்கத்தில் வருகிறது. யூத மரபுத் தொகுப்பான தல்மூது அதைக் கடைசியில் வைக்கிறது. அடிக்குறிப்பில் இதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய ஏற்பாடு என்றால் சட்டம், புதிய ஏற்பாடு என்றால் அன்பு என்று பிரசங்க மேடைகளில் கூசாமல் சொல்கிறார்கள். பிறனிடம் அன்புகூரச் சொன்னது லேவியராகமம் 19:18. மாற்கு 12:31இல் இயேசு எடுத்துச் சொன்னது அதையே. யூத ஜெபாலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் வேதத்தை வெறும் முன்னுரையாக ஒதுக்கும் இந்தப் பழக்கத்துக்கு உங்கள் மௌனமும் துணைபோகிறது.

மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்தையும் தொட வேண்டாம். அடுத்த மறுபதிப்பில் பொருளடக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் எபிரேய வரிசையை அச்சிடுங்கள். மத்தேயு 23:35, அதே சொல் வரும் லூக்கா 11:51 இரண்டிலும் நாளாகமத்தின் ஒத்துவாக்கியத்தைச் சேருங்கள். அந்த ஒரு பக்கத்தைத் தயவுசெய்து ஒதுக்கித் தாருங்கள்.