ஈ பேர் மறந்த கதைக்கு ஒரு பலகை

மன்னார்குடி
ஐப்பசி மாதம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் தீபாவளி கழிந்து வந்து சேர்ந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை என்று படித்ததும் எழுந்து போய்ச் சாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். பிள்ளை பெற்றவளை அவசரப்பட்டு அனுப்பிவிடாதே. ஐந்தாம் மாதம் வரை உன்னிடமே இருக்கட்டும். சம்பந்தி வீட்டில் கேட்டால் நான் சொன்னதாகவே சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். எங்கள் பக்கம் சம்பா நடவு முடிந்தது. நட்ட பயிர் பச்சை பிடிக்கும் நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வடிய வேண்டுமே என்று வீட்டுக்காரர் குடையும் மண்வெட்டியுமாக வரப்பிலேயே நிற்கிறார். பாமணி ஆறு கரை தொட்டு ஓடுகிறது.

தை பிறந்ததும் உன் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை நேரம் தொடங்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வாசகர் வட்டத்துக்காரர்களோடு சேர்ந்து நான் செய்துவருவதில் மனசுக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். கதையில் வருகிறவர்களை ஃபெல்ட் என்கிற மெத்தென்ற கெட்டித் துணியில் உருவங்களாக வெட்டி, கதை சொல்லச் சொல்லத் துணி போர்த்திய பலகையில் ஒட்டிக் காட்டுவோமே, அந்த ஃபெல்ட் பலகையை எப்படிச் செய்வது, எந்தக் கதை எடுபடும் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். எல்லாம் எழுதுகிறேன். ஆனால் கடைசியில், "உருவங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் தொலைந்துபோகுமே, இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது?" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். அதற்குத்தான் முதலில் பதில். கொடுக்கத்தான் வேண்டும். கதை சொல்லி முடித்ததும் பலகையை அப்படியே பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நீ எழுந்து போய்விட வேண்டும். வெறும் படம் காட்டுவதற்கு என்றால் புத்தகத்திலேயே நல்ல படம் இருக்கிறது, நாம் துணி வெட்டி மெனக்கெட வேண்டியதில்லை.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குக் கதை காது வழியாக மட்டும் போய்ச் சேர்வதில்லை. கொக்கைத் தன் கையால் எடுத்து மரத்தில் ஒட்டும்போதுதான் அடுத்து என்ன என்பது அதன் வாயில் வருகிறது. எங்களிடம் ஒரு பையன் வருவான். பாட்டியின் முந்தானையை விட்டு நகர மாட்டான். பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு நாள் எல்லோரும் கலைந்த பிறகு பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, உருவங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொண்டே முழுக் கதையையும் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அலமாரிப் பக்கம் நின்று கேட்டேன். ஓர் இடம்கூடத் தப்பவில்லை. எழுந்து நின்று கதை சொல்லு என்று நாங்கள் கேட்டிருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

முதல் நாளுக்கு ஈ பேர் மறந்த கதையை எடுத்துக்கொள். நம் பாட்டிமார் சொன்னதுதான். தன் பேரை மறந்த ஈ, கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கும். கன்று தாய்ப்பசுவைக் கைகாட்டும். பசு தன்னை மேய்ப்பவரை, அவர் தன் கைக்கோலை, கோல் மரத்தை, மரம் தன் மேல் உட்கார்ந்த கொக்கை, கொக்கு குளத்தை, குளம் மீனை என்று போய், மீன் பிடிப்பவர், சட்டி, சட்டி செய்பவர், மண், புல் எல்லாம் கடந்து கடைசியில் புல் தின்கிற குதிரை முன்னால் ஈ வந்து நிற்கும். குதிரை 'ஈஈஈ' என்று கனைக்கும். ஈக்குத் தன் பேர் கிடைத்துவிடும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கூடும், குறையும். உங்கள் பக்கம் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்.

இந்தக் கதை பலகைக்கென்றே பிறந்தது போலிருக்கிறது எனக்கு. ஈ மட்டும்தான் இடம் மாறும். மற்றவர்கள் ஒட்டிய இடத்திலேயே நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஈ முதலிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டும் அல்லவா, அங்கேதான் பலகை கைகொடுக்கிறது. மேலே இடப்பக்க மூலையில் கன்றை வைத்து, வலப்பக்கமாக ஒட்டிக்கொண்டே போ. வரிசை நிறைந்ததும் கீழே இறங்கி மறுபடியும் இடப்பக்கத்திலிருந்து தொடங்கு. ஈயை ஒவ்வொன்றின் மேலும் தொட்டுக்கொண்டே வந்தால் பிள்ளைகள் உனக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். எழுத்தைப் படிக்கக் கண் எந்த வழியில் ஓட வேண்டுமோ அதே வழியில் அவர்கள் கண் ஓடிப் பழகுகிறது, 'அ' கூடத் தெரியாத வயதிலேயே. பாதியில் மறந்துபோகிற பிள்ளையும் பலகையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஆளுக்கொரு உருவத்தைக் கதை தொடங்குமுன்பே கையில் கொடுத்துவிடு. தன் முறை வரும்வரை மீனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அந்த வயதில் பெரிய காரியம். அந்தக் காத்திருப்பில்தான் கதையை உன்னிப்பாகக் கேட்கிறார்கள். உருவம் கிடைக்காதவர்கள் எல்லோரும் குதிரை என்று சொல்லிவிடு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து கனைக்கலாம் என்றால் அழுகை வராது.

பழைய சொல்முறையில் மாடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் சட்டி செய்பவரும் குலப்பேரால் வருவார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. 'மாடு மேய்க்கிற தாத்தா', 'மீன் பிடிக்கிற அண்ணன்', 'சட்டி செய்கிற அக்கா' என்று சொல்கிறேன். அந்த வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் வீட்டு ஆள் கதையில் வருகிறார் என்று அவர்கள் நிமிர்ந்து பார்க்க வேண்டும். நீ இருப்பது கடற்கரை வேதாரண்யம், அதனால் மீன் பிடிக்கிற அண்ணனுக்கு ஒரு படகும் வெட்டிக் கொடு. குளத்துக்கு அருகில் கொக்கோடு ஒரு பூநாரையையும் நிறுத்தலாம். குதிரைக்கு உனக்குக் கவலையே இல்லை. கோடியக்கரைக் காட்டில் திரிகிற மட்டக்குதிரைகளைப் பார்த்த பிள்ளைகள் உன்னிடம் வருவார்கள். இங்கே பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் திருவிழாவில் பெருமாள் ஏறி வருகிற வாகனம்தான்.

அடுத்த வாரங்களுக்கு, குரங்கு ஆப்பம் பங்கிட்ட கதை நல்லது. பெரிய வட்டத்திலிருந்து சின்னத் துண்டு வரை ஆப்பத்தைப் பல அளவில் வெட்டி, பெரியது மேலே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிவிடு. குரங்கு ஒவ்வொரு கடி கடிக்கும்போதும் மேலே உள்ளதை உரித்தெடுத்தால் ஆப்பம் கண்ணெதிரே தேய்ந்துகொண்டே வரும்; பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்ப்பார்கள். கிணற்றில் தன் நிழலைப் பார்த்துப் பாய்ந்த சிங்கத்துக்கு ஒரே அச்சில் இரண்டு சிங்கம் போதும். கொக்கு மீன்களை ஏமாற்றிக் கொண்டுபோய்த் தின்ற கதையை மட்டும் இந்த வயதில் தொடாதே. அதில் உள்ளது எல்லாம் தந்திரப் பேச்சு, பலகையில் காட்ட ஒன்றும் இல்லை. முடிவும் சின்னப் பிள்ளைக்குக் கடுமை. ஆறு ஏழு வயதானவர்களுக்கு வாயால் சொல்.

பலகைக்கு ஹார்டுபோர்டு போதும், 2 அடிக்கு 3 அடி. தெர்மாகோல் வேண்டவே வேண்டாம், சாய்ந்தால் உடையும், துணுக்கு வாய்க்குப் போகும். கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கிற பிளானல் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பின்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடு. வெளிர் நீலம் எடுத்தால் வானத்துக்கும் ஆகும், தண்ணீருக்கும் ஆகும். வெள்ளைக் கொக்கும் தெரியும், கறுத்த ஈயும் தெரியும். பலகையை நேராக நிறுத்தாமல் சற்றே பின்னால் சாய்த்து வை. மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம், எல்லாம் பறந்துவிடும். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண் உயரத்தில் பலகை இருக்கட்டும், நீ அதன் பக்கவாட்டில் உட்கார்.

ஃபெல்ட்டின் மேலே இருக்கிற மெல்லிய இழைகள் பிளானலின் பூப்போன்ற இழைகளைப் பற்றிக்கொள்வதால்தான் உருவம் நிற்கிறது. ஆகவே உருவத்தின் பின்பக்கம் எப்போதும் மெத்தென்று இருக்க வேண்டும். பசை தடவிச் சிறகும் வாலும் ஒட்டினால் பசை ஊறி, துணி விறைத்து, உருவம் வழுக்கி விழும். சின்ன ஓட்டுத் தையல் போடு. ஃபெல்ட்டில் நூல் பிரியாது, ஓரம் மடிக்கும் வேலை கிடையாது. முதலில் அட்டையில் வரைந்து வெட்டி அச்சு எடுத்துக்கொள். தையற்காரர் வைத்திருக்கிற சாக்கால் அதைச் சுற்றிக் கோடு போட்டுக் கூரான சின்னக் கத்தரியால் வெட்டு. எதுவும் உள்ளங்கை அளவுக்குக் குறையக் கூடாது, ஈ உட்பட. பின்வரிசைப் பிள்ளைக்கும் தெரிய வேண்டுமே. ஈக்கு மட்டும் இரண்டு பக்கமும் கண் தைத்துவிடு, திருப்பி ஒட்டினால் எந்தத் திசையிலும் பறக்கும்.

கண்ணுக்கு மணியோ பொத்தானோ ஆடுகிற கண்ணோ வைக்காதே. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவை கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கினால் ஆபத்து. கறுப்பு நூலால் ஒரு முடிச்சு போதும். முகத்தில் வாய் வரையவும் வேண்டாம் என்பது என் கட்சி. சிரித்த முகமாகச் செய்துவிட்டால் அந்தத் தாத்தா கோபப்படவே முடியாது. கண் மட்டும் இருந்தால் பிள்ளை தன் குரலாலேயே அவரைச் சிரிக்கவும் வைக்கும், அழவும் வைக்கும். தாத்தா வேட்டிக்கும் அக்கா புடவைக்கும் உன் தெருத் தையல் கடையில் தீபாவளித் துணியின் வெட்டுத்துண்டு கிடைக்கும். ஃபெல்ட் ஷீட் அங்கே கிடைக்காவிட்டால், படத்தை அட்டையில் ஒட்டி வெட்டி, பின்பக்கம் உப்புத்தாள் துண்டு ஒட்டிப் பார். அதுவும் பிளானலில் நிற்கும்.

எல்லாவற்றிலும் இரண்டிரண்டாக வெட்டிவிடு. அச்சு கைவசம் இருக்கும்வரை எது தொலைந்தாலும் மறுபடி செய்துகொள்ளலாம். பலகையைப் பதிவேட்டில் ஏற்று. உருவங்களை வாசகர் வட்டம் தைத்துத் தந்த செலவழியும் பொருளாக வைத்துக்கொள். ஒரு மீன் யாருடைய சட்டைப் பையிலோ வீட்டுக்குப் போனால், அந்தக் கதையும் அந்த வீட்டுக்குப் போகிறது. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நூலகப் படிப்பில் நீயும் படித்ததுதான். அதே ஆண்டில்தான் இங்கே மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம் கிளம்பிற்று. புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தக் காலத்து மண்சாலையில் ஊர் ஊராகப் போனார்கள். கசங்கும், அழுக்காகும் என்று பார்த்திருந்தால் வண்டி கட்டியிருக்க முடியுமா, சொல்லுடி!

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை. தையில் வயலில் அறுப்பு, பிறகு உங்கள் பக்கம் உப்பளத்து வேலை. காலையில் தாய்மார் வர முடியாது. ஞாயிறு காலை வைத்தால் பாட்டிமார் கூட்டிவருவார்கள். அவர்களைத் திண்ணையில் உட்கார வைக்காமல் பிள்ளைகளோடு பாயில் உட்கார வை. நீ விட்ட அடியை அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு நாள் பலகையை எடுத்துக்கொண்டு நீயே அங்கன்வாடிக்குப் போய்வா. அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதே. தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் எப்போதும் ஒரே கைதட்டு இருக்கட்டும். இரண்டு கதைக்கு நடுவே மழை பெய்ய வைக்கலாம்: ஒரு விரலால் தரையைத் தட்டினால் தூறல், எல்லா விரலும் சேர்ந்தால் மழை, உள்ளங்கையால் தொடையைத் தட்டினால் அடைமழை. எழுந்து ஓடத் துடிக்கும் கால்கள் அதில் அடங்கிவிடும். முடிந்ததும் கொக்கு, குதிரை, மாடு வருகிற படப் புத்தகங்களை அட்டை தெரியும்படி பாயிலேயே பரப்பி வை, அலமாரியில் முதுகு காட்டி நிற்கும் புத்தகத்தை இந்தப் பிள்ளைகளால் தேட முடியாது.

மழைக்காலத்தில் துணி பூசணம் பிடிக்கும். வெயில் கண்ட போதெல்லாம் காயப் போடு. அந்துருண்டை வைக்காதே, பிள்ளைகள் வாயில் வைக்கிற பொருள். காய்ந்த வேப்பிலை போதும். ஒரு கதைக்கு ஒரு துணிப்பை தைத்து, உள்ளே வரிசையை எழுதிய சீட்டையும் போட்டுவை, உனக்குப் பதிலாக யார் வந்தாலும் சொல்லலாம்.

ஈ கதைக்கான அட்டை அச்சுகளை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். படகும் பூநாரையும் மட்டும் இல்லை. உங்கள் கரையில் நிற்கிற படகைப் பார்த்து நீதான் வரைய வேண்டும். வரைந்ததும் எனக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பு, இங்குள்ள பிள்ளைகளும் கடல் பார்க்கட்டும். மழை விட்டதும் பேத்தியைப் பார்க்க வருகிறேன். ஃபெல்ட் ஷீட் நான் வாங்கி வருகிறேன், பிளானல் நீ வாங்கி வை. இரண்டு பேரும் உட்கார்ந்தால் மாலைக்குள் தைத்துவிடலாம்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன் சிநேகிதி