அவசர அவசியம் கருதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்றக் கூட்டம் நடந்த மறுநாள் காலையில் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. எந்த ஊர் மன்றமானாலும் செய்தி ஒரே மாதிரிதான் இருக்கும். உறுப்பினர் ஒருவர் காலிக் குடத்தோடு வந்தார், வாக்குவாதம், வெளிநடப்பு, படம். கடைசியில் ஒரு வரி: 'பின்னர் தீர்மானங்கள் அனைத்தும் நிறைவேற்றப்பட்டன.' என் குறை அந்தக் கடைசி வரி பற்றியது.

நான் ஒரு நகராட்சியில் எழுத்தராகச் சேர்ந்து, மன்றப் பிரிவிலும் கொள்முதல் கோப்புகளிலும் பல வருடம் உழன்றவன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கடலூர் இல்லை, ஓய்வுக்குப் பிறகுதான் இந்த மஞ்சக்குப்பத்துக்கு வந்தேன். 'அனைத்தும்' என்று ஒரு சொல்லில் நீங்கள் முடித்துவிடும் அந்த 60, 70 தீர்மானங்களைத் தட்டச்சு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளிநடப்பு செய்தவர் வாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஊரின் ஒரு மாதச் செலவு உள்ளே பாஸாகியிருக்கும்.

மன்றத்தின் முன் தீர்மானத்துக்காக வைக்கப்படும் ஒவ்வொரு விஷயத்துக்கும் 'பொருள்' என்று பெயர். அதில் ஒரு வாசகம் உண்டு. 'அவசர அவசியம் கருதி, தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணிக்கான செலவினத்துக்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது.' அதாவது சாமான் வாங்கியாகிவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது, இப்போது சரி என்று சொல்லுங்கள். இதை எத்தனை முறை அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கம்ப்யூட்டர் வந்தபிறகு அடிக்கக்கூட வேண்டியதில்லை. போன மாதத்து வாசகத்தை எடுத்து ஒட்டி, தேதியை மட்டும் மாற்றினால் போதும். ஒருமுறை தேதியை மாற்ற மறந்துவிட்டேன். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

உதாரணத்துக்கு பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பவுடரில் குளோரின் 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். மூட்டை பிரிந்து ஈரக்காற்று பட்டால் நாளுக்கு நாள் குளோரின் இறங்கி, கடைசியில் மிஞ்சுவது வெறும் சுண்ணாம்புதான். தெருவோரம் கோலமாவு தூவியதுபோல வெள்ளையாகத் தெரியும், கிருமி பாட்டுக்குக் கிருமி இருக்கும். ஆகவே ஒரு வருடத்துக்கானதை மொத்தமாக வாங்கிக் குடோனில் அடுக்க முடியாது. இது உண்மையான சிரமம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர், கோரி விலையை முடிவு செய்துவிட்டு, மாதாமாதம் தேவைப்பட்ட மூட்டைகளை மட்டும் இறக்கச் சொல்லலாம். நாங்கள் செய்தது வேறு. மழை வரும்வரை கோப்பைத் தொடமாட்டோம். மழை வந்ததும் அவசர அவசியம் வந்துவிடும். டெண்டர் இல்லாமல் வாங்கக்கூடிய வரம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறபடி மதிப்பீட்டைத் துண்டு துண்டாக உடைப்போம். அப்புறம் மூன்று பேரிடம் தனித்தனியாக விலைப்புள்ளி, அதாவது கொட்டேஷன்.

அப்படி ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று லெட்டர்பேட், மூன்று முத்திரை, மூன்று ஊர். டேக் கோப்பதற்காகத் தாள்களைத் தட்டிச் சீராக்கியபோதுதான் பார்த்தேன். மூன்றிலும் இடது மூலையில் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றிய இரண்டு சிறு துளைகள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் துளைக்கு நேராகத் துளை. வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியாக வந்த தாள்கள் வழியில் எங்கேயோ ஒரே பின்னில் கிடந்திருக்கின்றன! மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பஞ்ச் மிஷினை அதே இடத்துல வச்சு அழுத்துப்பா" என்றார். அழுத்தினேன். அதையும் இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வரும் என்பது நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அது எப்படி அவசரம் ஆகும்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அது அவசரம். அன்று தண்ணீர் லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் விலைப்புள்ளி கேட்டுக்கொண்டிருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இயற்கைச் சீற்றமோ அவசரநிலையோ அரசால் அறிவிக்கப்பட்ட காலத்தில் டெண்டர் நடைமுறையிலிருந்து விலக்கு தருகிறது. அறிவிக்க வேண்டியது அரசு, பிரிவு எழுத்தர் அல்ல. மற்ற நாட்களில் 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைத் தேடிப் போவதைவிட என்னுடைய வாசகம் சுலபம், அவ்வளவுதான்.

உறுப்பினர்கள் யாரும் கேட்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஓர் அம்மா இருந்தார். மற்ற பல பெண் உறுப்பினர்களுக்கு வீட்டுக்காரர்தான் வார்டு வேலை பார்ப்பார். இவர் தானே பேனாவோடு அஜெண்டாவைப் படித்துவிட்டு வருவார். தெருவிளக்குப் பொருள் வந்தபோது எழுந்து, "தலைவரே, இதே பல்பை ஆடியிலயும் வாங்கினோம். அது எந்தெந்தக் கம்பத்துல எரியுது, நம்பரைச் சொல்லுங்க" என்றார். "அம்மா, எழுத்துபூர்வமா குடுங்க, பதில் வரும்" என்றது மேடை. அடுத்த மூச்சில் பொருள் எண் 31 முதல் 48 வரை எண்ணை மட்டும் படித்து முடித்தார்கள். அவர் எழுதியும் கொடுத்தார். கம்ப எண் கேட்ட அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்தது நான்தான். பதில் தயார் செய்யும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில் வேறொருவர் தரையில் உட்கார்ந்த படம் வந்தது.

என் மகள் புதுச்சேரியில் இருக்கிறாள். அங்கே போனால் கடற்கரைச் சாலையில் நடப்பேன். 2014 மழையில் இடிந்து விழுந்த பழைய மேரி கட்டடத்தை அச்சு அசலாகத் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். மேரி என்றால் பிரெஞ்சில் மேயர் அலுவலகம். கட்டடம் வந்துவிட்டது, உள்ளே உட்காரத்தான் ஆள் இல்லை. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது; பத்தாண்டு தாண்டியும் அடுத்த தேர்தல் வரவில்லை. ஆணையர் வைத்ததுதான் முடிவு, பின்னேற்பு தரக்கூட ஒரு மன்றம் கிடையாது. பல்பு எங்கே எரிகிறது என்று கேட்க அங்கே ஓர் அம்மா இல்லை. கடலூர் 1866இலேயே நகராட்சியாகி, 2021இல் மாநகராட்சியான ஊர். 2022 பிப்ரவரியில் வரிசையில் நின்று ஓட்டுப்போட்டு 45 வார்டுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் எதற்குக் கை தூக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் நமக்கும் புதுச்சேரிக்கும் என்ன வித்தியாசம்?

ஒப்பந்ததாரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பில் பாஸாகி எப்போது காசு வரும் என்று தெரியாத அலுவலகத்துக்கு நல்ல வியாபாரி வருவதில்லை. வருகிறவர் வட்டியையும் சேர்த்து விலை போடுகிறார். அது தனியாக ஒரு கடிதத்துக்கு உரிய விஷயம், இப்போது வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். அஜெண்டா கூட்டத்துக்குச் சில நாள் முன்பே உறுப்பினர் கைக்குப் போய்விடும். உங்கள் நிருபருக்கு ஒரு நகல் கிடைப்பது கஷ்டமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே, யாரும் மனுப் போட்டுக் கேட்காமல் அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவை என்று ஒரு நீண்ட பட்டியல் வைத்திருக்கிறது. குடத்தோடு வந்தவர் படத்தைப் பாதியாகச் சுருக்கிவிட்டு, மிச்ச இடத்தில் கொள்முதல் பொருள்களை மட்டும் போடுங்கள். என்ன வாங்கினார்கள், எவ்வளவுக்கு, விலைப்புள்ளி கொடுத்தவர் எத்தனை பேர், மன்றத்துக்கு வந்தது வாங்குவதற்கு முன்பா பின்பா. பின்பு என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. மாதத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவதை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அஜெண்டா மொழி நிருபருக்குப் புரியவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பழைய ஸ்டேப்ளர் துளை பார்க்க மட்டும் கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்