எக்நாக்கில் பச்சை முட்டை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிறிஸ்துமஸ் இணைப்பில் எக்நாக் செய்முறை போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டுப் பானம் பேப்பரில் வந்திருக்கிறதே என்று ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். நாலு முட்டையை உடைத்து ஊற்றி, சர்க்கரையும் ஆறின பாலும் சேர்த்து மிக்சியில் ஒரு சுற்று விட்டு, டம்ளரில் ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்த இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் செய்முறையில் அடுப்பே இல்லை. இந்தக் கடிதம் முக்கியமாக அதற்காகத்தான். பச்சை முட்டையை அப்படியே குடிக்கக் கொடுக்கக் கூடாது, அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு. தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களும் மனசை உறுத்தின. சென்னைக்கு இப்போதுதான் காபி ஷாப் வழியாக வந்திருக்கும் புதுப் பானம் என்று எழுதியிருந்தீர்கள். பெரியவர்கள் ரம் சேர்த்துக் குடித்தால்தான் அது அசல் எக்நாக் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரியில்லை. எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது, நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ்கூட எக்நாக் இல்லாமல் போனதில்லை, அதில் ரம்மும் இருந்ததில்லை.

என் அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டிப் பட்டறையில், ஃபிட்டர். 1964-இல் கல்யாணம் ஆகி அம்மா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நேராக ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம், அந்த வீட்டுக்காரர் என்ஜின் டிரைவர். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு முதல் ரயில் ஓடிய காலத்திலிருந்தே ரயிலோடு சேர்ந்து வளர்ந்த சமூகம் அது. ராயபுரம், பெரம்பூர் பக்கம் அப்போது எந்தத் தெருவில் நுழைந்தாலும் நாலு ஆங்கிலோ இந்திய வீடுகள் இருக்கும், டிசம்பர் பிறந்தால் அந்த வீடுகளிலிருந்து கேக்கும் ரோஸ் குக்கீஸும் வேகிற வாசனை தெருவுக்கே வரும். அந்த வீட்டு ஆன்ட்டிதான் அம்மாவுக்கு எக்நாக் சொல்லிக்கொடுத்தவர். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆன்ட்டிக்குத் தெரிந்த தமிழ் மார்க்கெட் தமிழ். இரண்டு பேரும் ஒரே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், பேசத் தேவையில்லை என்று அம்மா சொல்வார். எக்நாக் அம்மா வாயில் எக்நாகு ஆனது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் எக்நாகுதான்.

அப்போது மதராஸில் மதுவிலக்கு. 1948-இலேயே மாகாணம் முழுவதும் வந்துவிட்டது, 1971-இல்தான் தளர்த்தினார்கள். ஆக ஆன்ட்டி அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்த வருஷங்களில் ரம்முக்கு வழியே கிடையாது. அவருடைய பாட்டி காலத்தில் பிராந்தி ஊற்றுவார்களாம், தன் வீட்டில் பாலும் முட்டையும் ஜாதிக்காயும் வெனிலா எசன்ஸும்தான் என்று சொல்லியிருக்கிறார். 1971-க்கு அப்புறம் அப்பா ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒரு குவார்ட்டர் பாட்டில் ரம் வாங்கி வந்து இதில் ஊற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பாய் வீட்டுக்கும் இதுதான் போகணும்." கீழ் வீட்டில் இருந்த பாய் குடும்பத்திடமிருந்து ரம்ஜானுக்கு எங்களுக்கு வருகிற பிரியாணிச் சட்டி கிறிஸ்துமஸுக்கு எக்நாகு நிரப்பித் திரும்பிப் போகும். ஒரே பாத்திரத்தில் காய்ச்சுவதை இவருக்கு ஒன்று அவருக்கு ஒன்று என்று பிரிக்க அம்மாவுக்கு மனசில்லை. அப்பாவும் அதற்குமேல் பேசவில்லை.

அசல் எது என்று பேச வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாடி போக வேண்டும். இதற்கு மூலம் இங்கிலாந்தில் பழைய காலத்தில் குடித்த பாசெட், சூடான பாலில் ஒயினோ பீரோ ஊற்றித் திரிய வைத்து மசாலா போட்டது. அது அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே பண்ணைகளில் பாலும் முட்டையும் தாராளம், கரீபியன் தீவுகளிலிருந்து வரும் ரம் மலிவு. அதனால் ரம் சேர்ந்தது. பிறகு எங்கெங்கு என்ன கிடைத்ததோ அதுவானது: வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளி மாணவர்கள் 1826-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தது விஸ்கி, அதைக் கலந்து குடித்துப் பெரிய கலவரமே ஆனது. மெக்சிகோவில் ரோம்போப்பே என்கிறார்கள், அது கன்னியர் மடங்களில் பிறந்ததாகச் சொல்வார்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்து கொக்கீட்டோ என்கிறார்கள், அதில் பல வீடுகளில் முட்டையே கிடையாது. இத்தனை ஊரில் இத்தனை விதமாக ஆனபிறகு பெரம்பூரில் ரம் இல்லாமல் செய்தால் மட்டும் அது அசல் இல்லையா?

ஜாதிக்காய் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆன்ட்டியிடம் ஜாதிக்காய் துருவ என்றே ஒரு சின்னத் துருவி இருந்தது. அம்மாவிடம் அது இல்லை. எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு உரைமருந்து கொடுக்கும் கல் ஒன்று உண்டு, வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய் எல்லாம் அதில்தான் உரசுவார்கள், நடுவில் குழிந்து வழவழவென்று இருக்கும். அம்மா அதில் ரெண்டு சொட்டுப் பால் விட்டு ஜாதிக்காயை வட்டமாக உரசி, அந்தப் பழுப்புக் குழம்பை விரலால் வழித்துப் பாத்திரத்தில் கலப்பார். துருவிப் போட்டால் மேலே தூளாக மிதக்கும், நாக்கில் நரநரக்கும். உரசிக் கலந்தால் கடைசி வாய் வரை ஒரே மணம். ஆன்ட்டி குடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் தன் ஜாதிக்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கல்லிலேயே உரசிக்கொண்டு போனாராம். எழுபதுகளில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. கல் என்னிடம் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு மருந்து உரசிய கல்லும் அதுதான். ஒன்று சொல்ல வேண்டும், ஜாதிக்காய் மணமாக இருக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள், அளவுக்கு மீறினால் தலைசுற்றும், வாந்தி வரும். ஒரு லிட்டர் பாலுக்கு ஏழெட்டு உரசல் போதும்.

இனி முட்டைக்கு வருகிறேன். பச்சை முட்டை நம் ஊரில் யாரும் குடிக்காததா என்று கேட்பார்கள். எனக்குத் தெரியும். நான் பெரியவளானபோது பாட்டி தினமும் காலையில் பச்சை முட்டையை வாயில் ஊற்றி, மேலே அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றி விழுங்க வைத்தவர். வியாசர்பாடியில் ஜிம்முக்குப் போகிற பையன்கள் இன்றைக்கும் பாலில் உடைத்து ஊற்றிக் குடிக்கிறார்கள். பாட்டி கொடுத்தது எங்கள் வீட்டுக் கோழி அன்று காலையில் போட்ட முட்டை. இன்றைக்கு நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து, மண்டியில் இருந்து, கடையில் வெயிலில் அட்டையோடு அடுக்கிவைத்து, அப்புறம் நம் கைக்கு வருகிறது. அதற்காக வீட்டு முட்டை என்றால் பயமில்லை என்று சொல்ல வரவில்லை. சால்மோனெல்லா என்ற கிருமி வீட்டுக் கோழி, பண்ணைக் கோழி என்று பார்ப்பதில்லை, ஓட்டின் மேலும் இருக்கும், சில சமயம் உள்ளேயும் இருக்கும், பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இவர்களைத்தான் அது போட்டு வாட்டும். ரம் ஊற்றினால் கிருமி செத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், அதை நம்பி யாருக்கும் கொடுக்க முடியாது. சூடுதான் ஒரே வழி.

சொந்த அனுபவம் இல்லாமல் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் தங்கை மகள், அப்போது ஆறு வயது, ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் இந்த மாதிரி மிக்சியில் அடித்த எக்நாக்கை ரெண்டு டம்ளர் குடித்தாள். மறுநாள் இரவு காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி. தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பச்சை முட்டை ஏதாவது சாப்பிட்டாளா என்பதுதான். மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. குழந்தையின் கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். விருந்து வைத்தவர்கள் நல்ல மனுஷர்கள், தெரியாமல் செய்தது. செய்முறையை யாரோ எழுதியதைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். அதனால்தான் பேப்பரில் வருவதைப் பற்றி எனக்கு இவ்வளவு பதைப்பு.

எங்கள் முறையைச் சொல்கிறேன், வேண்டுமானால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கொழுப்புச் சத்துள்ள பால், ஆவின் ஆரஞ்சு பாக்கெட் சரியாக இருக்கும் (அம்மா காலத்தில் பால்காரர் வாசலில் கறந்து ஊற்றிய எருமைப்பால்). ஆறு முட்டையின் மஞ்சள் கரு மட்டும், வெள்ளைக் கரு மறுநாள் காலை வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு ஆம்லெட் ஆகிவிடும். ஒண்ணேகால் டம்ளருக்குக் குறையாமல் சர்க்கரை என்பது அம்மா கணக்கு, நான் முக்கால் டம்ளரோடு நிறுத்திவிடுகிறேன், என் வீட்டுக்காரருக்கு சுகர். மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெளுத்து நுரை வரும்வரை அடித்துக்கொள்ள வேண்டும். பாலைக் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது ஒரு கரண்டி எடுத்து மஞ்சள் கருவில் ஊற்றிக் கலக்கு, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி, இப்படியே அரைப் பாத்திரம் பாலும் போகவேண்டும். அவசரப்பட்டு முட்டையைக் கொண்டுபோய்க் கொதிக்கிற பாலில் கொட்டினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாக்கி சிம்மில் வைத்து, அடி பிடிக்காமல் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்கவே கூடாது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் அதன் பின்புறம் பால் மெல்லிசாகப் படிந்திருக்க வேண்டும், அதன் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 71 டிகிரி செல்சியஸ் தாண்டியதா என்று பார்த்துக்கொள்ளலாம், என் மகன் ஒரு வருஷம் வைத்துப் பார்த்தான், கோடு நிற்கும்போது அந்தச் சூட்டைத் தாண்டித்தான் இருந்தது. இறக்கி வடிகட்டி, ஜாதிக்காயும் ரெண்டு சொட்டு வெனிலாவும்.

குடிப்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி. எனக்குச் சூடாகத்தான் வேண்டும். லூர்து மாதா கோயிலில் நள்ளிரவுப் பூசை முடிந்து, மார்கழிப் பனியில் முக்காடு போட்டுக்கொண்டு நடந்து வந்து, கதவைத் திறந்ததும் குடிலுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கிற எக்நாகுதான் எனக்கு கிறிஸ்துமஸ். மேலே ஆடை கட்டியிருந்தால் இன்னும் நல்லது. என் மகனுக்கு ஆடையைக் கண்டாலே ஆகாது, மத்தியானமே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ராத்திரிக்குள் அது இறுகி, முட்டையின் கவுச்சி அடங்கி, பாயசத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் ஒன்றாகிவிடும், அதை அவன் ஸ்பூனால் சாப்பிடுவான். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டைக்காரர். அவர்கள் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. கல்யாணமான புதிதில் பாலில் முட்டையா என்று டம்ளரைத் தொடவே மாட்டார். மாமியார் ஊரிலிருந்து டின்னில் அனுப்பிய அச்சு முறுக்கை ஒரு நாள் அவர் எக்நாகில் தொட்டுச் சாப்பிட்டார், இப்போது முப்பது வருஷமாக அப்படித்தான் சாப்பிடுகிறார். நான் அதை முயன்று பார்த்தேன், முறுக்கு நமநமத்துப் போகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. கடைசி கிறிஸ்துமஸில் அவரால் அடுப்படியில் நிற்க முடியவில்லை, ஸ்டூல் போட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "கோடு நிக்குதா பாரு, கோடு நிக்குதா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கரண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவரே விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, சரி இறக்கு என்றார்.

டிசம்பர் 31 ராத்திரி எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் மறுபடியும் எக்நாக் செய்வார்கள், ஆராதனையோ பூசையோ முடிந்து வருகிறவர்களுக்குப் புதுவருஷத்துக்கென்று கொடுப்பதற்கு. உங்கள் செய்முறையை வெட்டி எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே ரெண்டு பேர் இருக்கிறார்கள், நான் போய்ச் சொல்லிவிட்டேன். மற்ற தெருக்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். 31-ஆம் தேதிக்கு முன்னால், அந்தச் செய்முறை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், முட்டைக் கலவையை அடுப்பில் வைத்துக் காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை – 600 011