முள் இறங்கினால் தண்ணீர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர்காலக் குறிப்புகளில், வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் நிரப்புங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாய்லர் பழுது பார்த்தே வயதானவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

சிஸ்டம் ஆறியிருக்கும்போது அழுத்தமானியின் முள் 1 முதல் 1.5 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றால் போதும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் அடைபட்ட காற்றை வெளியே விட்ட பிறகு கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஒருமுறை நிரப்பினால் சரியாகிவிடும். நிரப்பும் வால்வை மெதுவாகத் திறந்து, முள் ஏறியதும் இறுக மூடுங்கள். மூட மறந்துவிட்டுக் கூப்பிடுபவர்கள் ஏராளம்!

வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் கதை வேறு. தண்ணீர் எங்கோ போகிறது. ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் டிஷ்யூ பேப்பரை வைத்துப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால், வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதுகாப்பு வால்வின் குழாயைக் கவனியுங்கள். சூடானதும் முள் 3 பாரை நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால், பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற காற்றடைத்த கலனில்தான் கோளாறு. சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுப்பது அதிலுள்ள காற்று. அது போய்விட்டால், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். நீங்கள் நிரப்ப நிரப்ப அது தள்ளிக்கொண்டே இருக்கும். அதோடு, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் ஆக்சிஜனையும் உள்ளே கொண்டுபோகிறது. ரேடியேட்டர் உட்புறம் துருப்பிடித்துக் கறுப்புச் சேறு சேரும்.

வெசலுக்குக் காற்றடிப்பது, மாற்றுவதெல்லாம் தகுதி பெற்ற ஆளின் வேலை. பாய்லர் மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். அடுத்த முறை குறிப்பு போடும்போது இதற்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹீட்டிங் மெக்கானிக் ஒருவர்