சனிக்கிழமைக் காலை இரண்டு மணி நேரம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை உள்ள மாணவர்கள் விரும்பினால், வரும் பருவத்தில் சனிக்கிழமை காலைகளில் இரண்டு மணி நேரம் உள்ளூர்க் கலைகளுக்காகவும் மரபுச் சின்னங்களுக்காகவும் தொண்டு செய்யலாம். ஒப்புதல் படிவத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்திடும் முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கல்வெட்டைச் சுத்தம் செய்ய மாணவர்களை நானே அழைத்துச் சென்றேன். கம்பித் தூரிகை, சோப்புத்தூள், வாளி வாளியாகத் தண்ணீர். பாசி போயிற்று, கூடவே எழுத்துகளின் விளிம்பும் மழுங்கிப் போயிற்று. மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் நின்றதை எங்கள் ஒரு நாள் உற்சாகம் தேய்த்துவிட்டது. பக்கவாட்டில் சாய்வாக டார்ச் அடித்தால் போதும், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும் என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். ஆகவே இம்முறை, துறை அறிந்தவர் உடன் இல்லாமல் யாரும் எதையும் கழுவக் கூடாது, பூசக் கூடாது, ஒட்டக் கூடாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் விரிசலில் சிமெண்ட் அப்புவதும் அப்படித்தான். ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய செங்கல்லை அரிக்கும்.

அப்படியானால் பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்? 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்து, தேசிய மைய நூலகத்தின் நூல்கள் சேற்றில் மூழ்கின. பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி அவற்றை மேலே கொண்டுவந்தார்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று பெயர் பெற்ற அவர்கள் எல்லோரும் நூல் பாதுகாப்பு படித்தவர்கள் அல்லர். வாங்கியதைக் கீழே போடாமல் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

பெரும்பகுதி வேலை கேட்பதும் பதிவு செய்வதும். நினைவுச் சின்னங்களைக் காக்க யுனெஸ்கோ 1972-இல் உடன்படிக்கை செய்தது. பாட்டு, கூத்து, கைவினை, வாய்மொழி வழக்குகள் ஆகியவற்றுக்கான உடன்படிக்கை 2003-இல்தான் வந்தது. கல்லுக்கு முப்பத்தொரு ஆண்டு பின்னால் மனிதர் நினைவில் இருப்பது! கல்லாவது காத்திருக்கும். முதியவர்களும் கலைஞர்களும் பேசுவதை மாணவர்கள் அனுமதி பெற்றுப் பதிவு செய்வார்கள். மின்விசிறியை நிறுத்துவது, தொடக்கத்திலேயே பெயரும் தேதியும் இடமும் சொல்வது, பேசுபவர் நிறுத்தினால் இடையில் புகாமல் காத்திருப்பது, பதிவை இரண்டு இடங்களிலாவது சேமிப்பது எல்லாம் பயிற்சியில் உண்டு. காத்திருப்பதுதான் கடினம், எனக்கே வராது.

பதிவு இல்லாத சனிக்கிழமைகளில் நிகழ்ச்சிகளுக்கு நாற்காலி போடுவார்கள், முடிந்ததும் அடுக்குவார்கள்.

ஒன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இலவசமாக உழைப்பது மாணவர்கள்தான், கலைஞர்கள் அல்லர். பள்ளி விழாவுக்கு ஒருவரை ஆட அழைத்துவிட்டுப் பொன்னாடையோடு அனுப்பி வைக்கும் வழக்கம் இனி இல்லை. ஊதியத்தைப் பேசி முடித்த பிறகே அழைப்போம்.

இதற்கு மதிப்பெண் கிடையாது. சான்றிதழ் உண்டா என்று சிலர் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். பருவ முடிவில் என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதித் தருவோம், தங்க முத்திரை இருக்காது. படமெடுக்க நீங்கள் உடன் வர வேண்டாம் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குழுவுடனும் இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள்.

படிவத்தை இந்த மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் பழைய புகைப்படங்கள் இருந்தால் அவற்றையும் உறையிலிட்டு அனுப்பலாம். ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருவோம். படத்தில் இருப்பவர்கள் யார், எந்த இடம் என்று உறையின் மேல் எழுதுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதினால் மை முன்புறம் ஊறிவிடக்கூடும். பழைய செல்லோடேப் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம், அப்படியே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்