புள்ளி மறைந்த பிறகும் நிறுத்தாதே

மஞ்சக்குப்பம், கடலூர்
கார்த்திகை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு மோலி மீனின் வாலிலும் முதுகுத் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே, அது வெள்ளைப் புள்ளி நோய்தான். கடைக்காரர்கள் 'இச்' என்பார்கள். கல்லில் உடம்பைத் தேய்க்கிறது, துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது என்று நீ சொன்னதும் அதற்கே பொருந்துகிறது. காப்பாற்றிவிடலாம் அம்மாடி. ஆனால் இன்றைக்கே தொடங்கு, பாதியில் விட்டுவிடாதே.

முதலில் இன்னொன்றைச் சரிபார். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார். புள்ளிகள் தனித்தனியாக, எண்ணக்கூடியதாக இருந்தால் இச். பொன்தூள் பூசினாற்போல் பொடியாக மின்னினால் அது வெல்வெட் நோய். அதற்கு மருந்து வேறு, தொட்டியை இருட்டாக்கவும் வேண்டும். வாயைச் சுற்றியோ முதுகிலோ பஞ்சு ஒட்டினாற்போல் வெண்மை படர்ந்திருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். அப்போது வெப்பத்தை ஏற்றவே கூடாது. இச்சுக்கு உதவுகிற அதே சூடு அந்த நோயை இரண்டே நாளில் முற்றவைத்துவிடும். அதனால்தான் பார்க்காமல் எதையும் ஊற்றாதே என்கிறேன்.

நீ பார்க்கிற வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிற ஓர் ஒட்டுண்ணி. தோல் மூடியிருப்பதால் எந்த மருந்தும் அங்கே அதைத் தொடாது. தின்று பெருத்ததும் தானே உதிர்ந்து கீழே கல்லில் ஒட்டிக்கொள்ளும், கூடு கட்டும், அதற்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்துகிற ஓரிரண்டு நாள்தான் உப்புக்கும் மருந்துக்கும் அவை அகப்படும் நேரம். ஆகவே நாலாம் நாள் மீன் பளிச்சென்று ஆகிவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, புள்ளி உதிர்ந்து கல்லுக்குள் போயிருக்கிறது. அங்கே நிறுத்தினால் அடுத்த வாரம் பத்து மடங்காகத் திரும்பி வரும், அப்போது செவுளுக்குள்ளும் ஏறிவிடும்.

30 டிகிரியில் இந்தச் சுற்று மூன்று நாலு நாளில் முடிகிறது. தண்ணீர் குளிர்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். நாம் சூட்டை ஏற்றுவது பூச்சி வெளியே வருவதைத் துரிதப்படுத்தத்தான். மழை நாளில் உன் தொட்டி 25-க்கு இறங்கியிருக்கும், நோய் கிளம்பியதற்கு அந்தக் குளிர்ச்சியும் ஒரு காரணம். 50 வாட் ஹீட்டர் போதும். ஒரேயடியாக 30-இல் வைக்காதே. காலையில் ஒரு டிகிரி, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு நாளில் கொண்டுபோ. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அதனால் காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாக ஓடட்டும். தண்ணீர் எடுக்கும்போது மறக்காமல் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடு. சூடாக இருக்கிற கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் விரிசல் விடும், அதில் கை வைத்தால் ஷாக்.

அடுத்து உப்பு. உன் தொட்டி இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி. விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும், கல்லையும் மேலே விட்ட இடத்தையும் கழித்தால் 45. லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 90 கிராம் வேண்டும். மரக்காணத்து உப்பளத்துக் கல் உப்பே போதும், மீன் உப்பு என்று டப்பாவில் அடைத்து விற்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம். கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள். தொட்டித் தண்ணீரிலேயே ஒரு சொம்பில் முழுக்கக் கரைத்து, இன்று 45 கிராம், நாளை 45 கிராம், இரண்டு நாளும் மூன்று தவணையாக ஊற்று. உன்னிடம் இருக்கிற கோரி கெளுத்தி இரண்டுக்கும் செதில் கிடையாது, உப்பு அவற்றுக்குக் கொஞ்சம் எரிச்சல். பக்கவாட்டில் சாய்ந்தாலோ ஓயாமல் மேலே வந்து காற்றை விழுங்கினாலோ ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவிட்டு உப்பில்லாத தண்ணீர் விடு. வாலிஸ்னேரியா செடி இருந்தால் தனி வாளிக்கு மாற்றிவிடு, உப்பில் கருகும்.

இங்கேதான் எல்லாரும் கணக்கைத் தப்புவிடுகிறார்கள். 10 லிட்டர் தண்ணீர் மாற்றினால் அந்தப் பத்துக்கு மட்டும் 20 கிராம் உப்பு சேர். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பும்போது சேர்க்கவே கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் சைஃபன் குழாயைக் கல்லுக்குள் குத்திக் குத்தி 10 லிட்டர் எடுத்துவிடு. கூடுகள் கிடப்பது அங்கேதான், ஆயிரக்கணக்கில் வாளியோடு போகும். குழாயை வாயால் உறிஞ்சாதே. தண்ணீர் நிரப்பி விரலால் மூடி இறக்கினாலே ஓடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதே. தீனியைப் பாதியாகக் குறை.

ஐந்து நாளாகியும் புதுப் புள்ளி வந்துகொண்டே இருந்தால் மட்டும் மாலகைட் கிரீன் கலந்த மருந்து வாங்கு. லேபிளில் எழுதியிருப்பதில் பாதி அளவு, கோரிக்காகத்தான் பாதி. ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடு, இல்லாவிட்டால் ஊற்றிய மருந்தையெல்லாம் கரியே குடித்துவிடும். கையுறை போட்டுக்கொள், குழந்தை கைக்கு எட்டாமல் வை, அது உடம்புக்கு ஆகாத சாயம். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஐந்து நாள் சூடும் உப்பும் அப்படியே இருக்கட்டும், மொத்தம் பத்து நாளுக்குக் குறையக் கூடாது. பிறகு ஒவ்வொரு முறையும் உப்பில்லாத தண்ணீர் மாற்றி மெள்ள இறக்கு.

நீல மருந்தை, அதான் மெத்திலீன் ப்ளூவை, தொட்டியில் ஊற்றாதே. முட்டையில் பூஞ்சை பிடித்தாலோ ஒரு மீனுக்குக் காயம்பட்டாலோ தனி டப்பில் ஊற்ற வேண்டியது அது. தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியா சாகும், சிலிக்கான் நீலமாகிப் போகும். டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துப் போடச் சொல்வார்கள், அதையும் கேட்காதே. இச் பாக்டீரியாவே இல்லை; போதாததற்கு கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வெளுக்கக் கழுவினாய் என்று சொன்னாயே, தண்ணீர் மாற்றுவதை நம் வீடுகளில் பாத்திரம் துலக்குவது போல எண்ணிவிடுகிறோம். மீன் விடுகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். உன்னுடையது மூன்று வாரத் தொட்டி, முளைத்ததைப் பிடுங்கிவிட்டாய். ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிடு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். 0.5 காட்டினால் தினமும் கால் பங்கு மாற்று. போர் தண்ணீர் பி.எச். 8-ஐ ஒட்டி இருந்தால் அதே அம்மோனியா இன்னும் கடுமையாகக் கொல்லும். நோய்க்கு இடம்கொடுத்தது பாதி இந்தத் தண்ணீர்தான்.

இனிமேல் ஸ்பாஞ்சை, வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே மூன்று நாலு தரம் பிழி. காபித்தூள் நிறத்தில் அழுக்கு இறங்கும், ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கும். அப்படியே மாட்டு. வெளுக்க வேண்டாம்.

லாஸ்பேட்டை வீட்டில் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் வாசனை வந்தாலும் வராவிட்டாலும் இருப்பதாகவே வைத்துக்கொள். சோடியம் தயோசல்பேட் 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வை, 10 லிட்டருக்கு 1 மில்லி. போர் தண்ணீரானால் ஒருநாள் வாளியில் ஏர் ஸ்டோன் ஓடவிட்டுப் பிறகு ஊற்று. ஆர்.ஓ. இயந்திரம் தள்ளிவிடுகிற கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நல்ல ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் பி.எச். தடாலென்று இறங்கும். கடலோரத்துக் கடினத் தண்ணீரில் மோலியும் கப்பியும் நன்றாகவே வாழும். நியான் டெட்ராவுக்கு ஆசைப்படாதே.

கொசு மருந்து விஷயம் உனக்குத் தெரியுமோ என்னவோ. திரவம், சுருள், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருக்கிற பைரெத்ராய்டு மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கிற அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வை. கீழே இருந்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பிப் பம்புக்குள் இறங்கும்; ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் மாட்டிவிடு.

கரண்ட் சமாச்சாரம் நம் பக்கத்தில் விளையாட்டில்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30-இலும், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இலும் வந்தன, இரண்டும் இதே பருவம். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கரண்ட் இல்லாதபோது தீனி போடாதே. ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால் தொட்டித் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்த பிறகே ஓடவிடு.

அடுத்த மீன் எப்போது வாங்கினாலும், அது சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வந்ததானாலும் சரி, மூன்று வாரம் 20 லிட்டர் டப்பில் தனியே இருக்கட்டும். டப்புக்கு ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரை இப்போதே பெரிய தொட்டியில் ஓடவிட்டுப் பழக்கி வை. நோய் முழுசாகத் தீரும்வரை அதை வெளியே எடுக்காதே. ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. எல்போ போதும். வாங்கிய கவரை அரை மணி மிதக்கவிட்டு, வலையால் மீனை மட்டும் எடு. கவர்த் தண்ணீர் சிங்க்குக்குப் போகட்டும். வலை, வாளி இரண்டும் டப்புக்கென்று தனி.

இன்று இரவு முதல் தவணை உப்பு போட்டதும் வெப்பநிலை எவ்வளவு என்று எழுது. ஆறாம் நாள் காலை, தீனி போடும் முன், மோலியைப் பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு மருந்து வேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரை வாங்காதே.

அன்புடன்,
அப்பா